அட்டை என்னுடையது, மூச்சு அவனுடையது

அத்தியாயம் 11

நடுவில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய வாசகர்கள் அதற்குள் எழுந்துபோய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

நல்லுசாமிக்கு நாற்பத்தொன்பது வயது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஓசூருக்குப் பிழைக்க வந்தவர். சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் பர்மனென்ட். அவர் மனைவி வீரலட்சுமியின் தம்பி கமலக்கண்ணன், முப்பத்தொரு வயது, அதே கம்பெனியில் அதே செக்ஷனில் கான்ட்ராக்ட். இருவருக்கும் வேலை ஒன்றுதான், சட்டையின் நிறம் மட்டும் வேறு. பேடரப்பள்ளியில் ஒரே வீடு. கீழே அக்கா குடும்பம், மாடியில் ஒற்றை அறையில் தம்பி குடும்பம். தம்பிக்குத் தமிழ்செல்வி என்று மனைவி, காவியா என்று பதினோரு மாதக் குழந்தை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கம்பெனிக்கு மெடிக்கல் வண்டி வந்தது. பர்மனென்ட் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, ஒரு குழாயில் தம் கட்டி ஊதிக் காட்ட வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. அவர்கள் நெஞ்சு கான்ட்ராக்டர் பொறுப்பு. கான்ட்ராக்டரோ அதைக் கடவுள் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

நல்லுசாமியும் வரிசையில் நின்றார். இருபத்தெட்டு வருடம் இழுத்த புகை உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை அந்தக் குழாய் சொல்லிவிடும். சொல்லட்டுமே என்று நிற்கிற தைரியம் அவருக்கு இல்லை. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மைத்துனனிடம் கொடுத்தார். அவசரத்துக்கு நீல மேல்சட்டையையும் கொடுத்தார். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் போட்டு வருகிறவனை வண்டிக்காரர்கள் முகம் பார்த்தா கூப்பிடுகிறார்கள்? நம்பர் பார்த்துத்தானே. கமலக்கண்ணன் போனான், படம் எடுத்துக்கொண்டான், ஊதினான், வந்துவிட்டான். இளவட்டம், ரிப்போர்ட் அமோகமாக வரும் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ரிப்போர்ட் இந்தச் சனிக்கிழமை வந்தது.

காலையில் முதல் ஷிப்டுக்குப் போகும்போது நல்லுசாமி நல்ல மனநிலையில்தான் இருந்தார். சிகரெட்டை விட்டு அன்றோடு முப்பத்தொரு நாள். சேலத்தில் நர்சிங் படிக்கும் மகள் ஸ்வாதி விடுமுறைக்கு வந்தபோது, பிடிவாதமாக அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், புகையிலையை நிறுத்த ஆலோசனை சொல்லும் அறையில் உட்கார வைத்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அங்கே ஒரு மெல்லுகிற மாத்திரை கொடுத்தார்கள். நல்லுசாமி முதல் நாள் அதைப் பசு அசைபோடுகிற மாதிரி மென்று தள்ளியதில் ஷிப்டு முழுக்க விக்கல். லேசாக மென்று, நாக்கில் சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பிறகுதான் காதில் ஏறியது. ஆசை வந்தால் அதோடு சண்டை போடாமல் ஐந்து நிமிடம் தள்ளிப்போடச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழகியவை, கொஞ்ச நாளைக்கு டீக்கடைப் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். அவர் ராகிக் கஞ்சிக்கு மாறினார்.

பத்து நாளில் வாயில் ருசி திரும்பியது. அதிலே ஒரு வீட்டுச் சண்டையும் வந்தது. வீரலட்சுமியின் குழம்பு உப்புக் கரிக்கிறது என்றார். இத்தனை வருஷமாக உப்புப் பத்தவில்லை, பத்தவில்லை என்று சொல்லிச் சொல்லி அவள் கையை ஏற்றிவிட்டவரே அவர்தான். நாக்கு செத்துக் கிடந்தது அவருக்கு, வசவு வாங்கியது அவள். அன்றைக்கு அவள் அவரை விட்டு வைத்ததே பெரிது.

இருமல் மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது. புகையை விட்ட புதிதில் சிலருக்கு அப்படித்தான், உள்ளே அடைத்துக் கிடந்த சளியை நெஞ்சு வெளியே தள்ளுகிறது, குறையவில்லை என்றால் வந்து காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் பயப்படவில்லை.

பதினோரு மணிக்கு கம்பெனி முதலுதவி அறையிலிருந்து ஆள் வந்தது. டாக்டரம்மா கூப்பிடுகிறார்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஆனேக்கல்லிலிருந்து வருகிற டாக்டர் அவர். சின்ன வயது. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிகிறது என்றார். ஊதினதும் குறைச்சல்தான் என்றார். படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, சளியைச் சோதிக்க வேண்டும், டி.பி.யாக இருக்கலாம், இருந்தாலும் ஆறு மாதம் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும், புகை பிடிக்கிறவர்களுக்கு இது எளிதில் வரும், விட்டது ரொம்ப நல்லது, மறுபடி தொடாதீர்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

நல்லுசாமிக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பாடா, இது என் படம் இல்லை. அதுதான் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல இருந்தது. அடுத்த மூச்சில்தான் அது யார் படம் என்று உறைத்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே நிமிர்ந்தார்.

"மனேல, வீட்டுல, சின்ன மகு இருக்கா? குழந்தை?"

"இருக்கு மேடம். மச்சினன் பொண்ணு. பதினோரு மாசம்."

"அப்ப ரிசல்ட் வர்ற வரைக்கும் குழந்தைய நீங்க தூக்க வேண்டாம். பக்கத்துல படுக்க வைக்க வேண்டாம். சின்னவங்களுக்கு இது சீக்கிரம் ஒட்டும், வந்தா ரொம்பப் படுத்தும். திங்கக்கிழமை போய் சளி குடுங்க. மாஸ்க் போட்டுக்குங்க."

நல்லுசாமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்து மூன்று வருட வேலையில் எத்தனையோ முறை இரும்புக் குழம்பு தெறித்திருக்கிறது. அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததில்லை.

ஷிப்டு முடிந்து இரண்டேகால் மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கமலக்கண்ணனைப் பிடித்தார். வழக்கமாக இருவரும் அங்கேதான் நிற்பார்கள். ஓசூரில் ஒரு டீயை வாங்கி இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிப்பதை ஒன் பை டூ என்பார்கள். இவர்கள் சிகரெட்டையும் ஒன் பை டூ ஆக்கியவர்கள். மச்சான் பாதி, மாப்பிள்ளை பாதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஊரிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையனின் விரலிடுக்கில் அந்தப் பாதியை முதலில் செருகியது நல்லுசாமியின் கைதான். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. தம்பி கொத்தமல்லி விதை மெல்லுவது ஜீரணத்துக்கு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மச்சான் விட்ட பிறகு இந்த ஒரு மாதமாக முழு சிகரெட்டும் மாப்பிள்ளைக்கே.

"மாப்ள, வண்டியில எடுத்த படம் வந்துருச்சு. நெஞ்சுல நிழல் இருக்காம். அது உன் படம்டா."

கமலக்கண்ணன் சீட்டை வாங்கிப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அவன் முகம் சுருங்கியதே தவிர, அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை. நல்லுசாமிக்கு அது விசித்திரமாகப் பட்டது.

பிறகு அவன் பேசியதெல்லாம் வேலையைப் பற்றித்தான். அட்டை மாற்றியது வெளியே தெரிந்தால் ஆள் மாறாட்டம் என்று இரண்டு பேரையும் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் கான்ட்ராக்ட் ஆட்களில் பதினெட்டுப் பேரைப் பர்மனென்ட் ஆக்கும் லிஸ்ட் வருகிறது. அதில் அவன் பேர் இருப்பதாக சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். ஏழு வருடம் காத்துக் கிடந்தது இதற்குத்தான்.

"ரெண்டே வாரம் மச்சான். லிஸ்ட் வந்துரட்டும். அப்புறம் நானே போய்க் காட்டிக்கிறேன். யாருட்டயும் வாயத் தொறக்காதீக. அக்காட்ட முக்கியமா."

"பிள்ள இருக்கேடா வீட்டுல."

"நான் தூக்காம இருந்துக்கிறேன்."

சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்து, அதே பழக்க தோஷத்தில் மச்சான் பக்கம் நீட்டினான். நல்லுசாமியின் கை பாதி தூரம் போய்விட்டது. முப்பத்தொரு நாள் பட்ட பாடு அந்த ஒரு நொடியில் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. கையை இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டு, கீழே போடு அதை என்றார். அவன் போடவில்லை.

அங்கே வைத்தே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நல்லுசாமி தலையை ஆட்டினார். ஊரிலிருந்து கூட்டி வந்தவனை நடுத்தெருவில் விடுவதா என்ற எண்ணம் ஒன்று. தன் ஒன்பது வருட சர்வீஸ் மிச்சம் இருக்கிறது என்ற எண்ணம் இன்னொன்று. எது முன்னால் வந்தது என்று அவரைக் கேட்டால் அவர் உண்மை சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுப் பையைக் கொடியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். டாக்டர் சீட்டு பைக்குள் இருந்தது. டிபன் பாத்திரம் கழுவுகிற மனைவி பையைத் திறப்பாள் என்பது இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் மறந்துபோனது.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வீரலட்சுமி அடுப்படித் தரையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். போனில் ஸ்வாதி. அவள் எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளக்கி முடித்திருந்தாள். அப்பா மாஸ்க் போட வேண்டும், ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும், காவியாவை அப்பாவிடம் விடக் கூடாது, தட்டு தம்ளரெல்லாம் தனியாக வைக்கத் தேவையில்லை.

கடைசி வரியை வீரலட்சுமி ஏற்றுக்கொள்ளவில்லை. தட்டு, தம்ளர், தலையணை மூன்றும் ஏற்கெனவே தனியாகப் போயிருந்தன.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தப் புகைக்காக அவள் திட்டாத திட்டு இல்லை. போன மாதம் தெருவில் இருக்கிற அத்தனை பெட்டிக்கடையிலும் ஏறி, என் புருஷனுக்கு சிகரெட் விற்றால் கடை முன்னால் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லி வந்தவள். ஆனால் இப்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஒரு மாசமா பல்லக் கடிச்சுக்கிட்டு நிறுத்துன மனுசனுக்கா இது வரணும்? ஒண்ணும் ஆகாது. ஆறு மாசம் மாத்திரை. நான் பக்கத்துல இருந்து குடுக்கேன்."

அவர் தோளைத் தொட்டுச் சொன்னாள். கல்யாணமான புதிதில் பேசிய குரல் அது. இத்தனை அன்பைப் பொய்யாக வாங்கிக்கொண்டு நிற்கிறோமே என்று நல்லுசாமிக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அவள் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அவள் ஓடி ஓடிச் செய்ததில் ஒரு காரியம் இருந்தது. தமிழ்செல்வி போச்சம்பள்ளிப் பக்கம் கம்பெனிக்குப் போகிறவள். காலையில் ஐந்தேமுக்காலுக்கு கம்பெனி பஸ் ஏறினால் சாயந்திரம்தான் வருவாள். பகலெல்லாம் குழந்தை கீழே அத்தையிடம்தான். அடுப்படியை ஒட்டிய அறையில் புடவைத் தொட்டில் தொங்கும். வீரலட்சுமி அந்தத் தொட்டிலை அவிழ்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த காவியாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். பால் புட்டி, துணி மூட்டை, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மாடிப் படி ஏறினாள். நல்லுசாமி கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க மச்சானுக்கு நெஞ்சுல கோளாறு. பிள்ளைய இனிமே கீழ விடக் கூடாது. நீயே வச்சுக்க. ராத்திரி உம் பக்கத்துலயே போட்டுக்க, கதவச் சாத்திக்க."



"சரிக்கா," என்றான் கமலக்கண்ணன்.

நல்லுசாமியால் அங்கே நிற்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். கால் தானாக எதிர்ச் சாரியில் இருக்கும் ராமப்பன் கடைக்குப் போயிற்று.

"ஒண்ணு குடு."

ராமப்பன் தலையை ஆட்டினார். "பேடா சாமி, வேண்டாம். உங்க வீட்டம்மா சொன்னது ஞாபகம் இருக்கு. எனக்குக் கடை நடக்கணும்."

நல்லுசாமி மறுபடி கேட்டார். கேட்ட விதத்தைப் பார்த்து ராமப்பன் மேற்கொண்டு பேசாமல் ஒன்றை எடுத்து நீட்டினார். அதை விரலில் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் தள்ளிப்போடு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நினைத்தார். தள்ளிப்போடுவதில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே. குழாயில் ஊதுவதைத் தள்ளிப்போட்டார், மைத்துனன் கேட்டான் என்று உண்மையையும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்.

கடை வாசலிலிருந்து அவர் வீட்டு மாடி தெரியும். கைப்பிடிச் சுவர் ஓரம் கமலக்கண்ணன் வந்து நின்றான். தூக்கம் கலைந்த குழந்தை அழுதது. அவன் அதை நெஞ்சோடு சாய்த்து, முகத்தோடு முகம் வைத்து என்னவோ பாடினான். குழந்தை அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தூக்க மாட்டேன் என்று சொன்னவன்தான். பெற்ற பிள்ளை அழும்போது எந்தத் தகப்பனால் சும்மா இருக்க முடியும்? அவன்மேல் நல்லுசாமிக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் தன்மேல்தான்.

சிகரெட்டை மிட்டாய் பாட்டில் மூடிமேல் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தார்.

மாடிக்குப் பதினாறு படி. பத்தாவது படியில் மூச்சு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து காற்றை இழுத்தார். போதவில்லை. கீழே தமிழ்செல்வி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டபடி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். என்னண்ணே ஆச்சு என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஏறி வந்தாள். அவர் மீதி ஆறு படியையும் ஏறினார்.

வீரலட்சுமி மாடி அறையில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றாள்.

"இங்க எதுக்கு வந்தீக? பிள்ள கிட்ட வராதீக, கீழ போங்க."

"மாப்ள, பிள்ளைய தமிழ்செல்விட்ட குடு."

கமலக்கண்ணன் அசையவில்லை. கண்ணாலேயே வேண்டாம் என்றான். நல்லுசாமி அவனைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் படம் என்னோடது இல்ல. மெடிக்கல் வண்டியில நான் ஏறவே இல்ல. எனக்குப் பயம். என் அட்டையக் குடுத்து உந் தம்பிய அனுப்புனேன். அது அவன் நெஞ்சு."

 தமிழ்செல்வி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, மச்சான் பயத்துல என்னமோ பேசுறாரு," என்றான் கமலக்கண்ணன். குரல் உடைந்திருந்தது. "நான் ஏன் அவர் அட்டையில போறேன்? எனக்கென்ன கேடு?"

வீரலட்சுமி தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அப்பா செத்த பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. பீடி நாற்றம்கூட அறியாதவன் என்று ஊரெல்லாம் அவள் பெருமை பேசிய தம்பி. புருஷனோ, சிகரெட்டை விட்டேன் என்று இதற்கு முன் நாலு முறை பொய் சொன்னவர். யாரை நம்புவாள்?

"சீக்கு வந்தா வந்துட்டுப் போகுது. வைத்தியம் பாப்போம். அதத் தூக்கி எந் தம்பி தலையில போடுறீகளே, வாய் கூசல?"

சற்று முன்பு தோளைத் தொட்டுப் பேசிய அதே வாய். நல்லுசாமிக்கு அழுகை வந்தது. தனக்கு வேண்டியதுதான் என்றும் இருந்தது. பொய்யைப் பன்னிரண்டு நாளாக ஊட்டி வளர்த்தவர் சொன்னால் உண்மைக்கு யார் பாய் விரிப்பார்கள்?

"மதினி," என்றாள் தமிழ்செல்வி.

அவள் அதிகம் பேசாதவள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டில்மேல் கிடந்த தலையணையைத் தொட்டாள்.

"ஒன்றரை மாசமா இதுக்கு உறை மாத்துறேன். தெனமும். மழை நாள்லகூட. ராத்திரியில அப்படி வேர்த்துக் கொட்டுது இவருக்கு. சட்டையப் பிழிஞ்சா தண்ணி வரும். இடுப்புல பேன்ட் நிக்கலன்னு போன வாரம் பெல்ட்டுல புது ஓட்டை போட்டாரு. யாருட்டயும் சொல்லாதன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்குனாரு. ஷிப்டு சூடு, அதான் வேர்க்குதுன்னாரு. நானும் நம்புனேன்."

அவள் குரல் உயரவே இல்லை. கையை நீட்டினாள். கமலக்கண்ணன் குழந்தையைக் கொடுத்தான்.

வாங்கியதும் அவள் இரண்டடி பின்னால் போனாள். கட்டிய கணவனிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறாள் ஒருத்தி. அந்த இரண்டடியில் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் போய்க் காட்டுங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க அட்டையில. அது வரைக்கும் எம் பிள்ளைய ரெண்டு பேரும் தொட வேணாம்."

கமலக்கண்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் பாதி கட்டிய தொட்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவனுடைய பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் புதிய ஓட்டை ஆணியால் குத்தியது, ஓரமெல்லாம் பிசிறாக இருந்தது.

"ஏழு வருசம்க்கா," என்றான். "இன்னும் ரெண்டே வாரம்."

"எம்புட்டு நாளா உனக்குத் தெரியும்?"

அவன் நல்லுசாமியை இடித்துக்கொண்டு படி இறங்கினான். போனை எடுத்துக்கொள்ளவில்லை. பைக் சத்தம் கேட்டது. தெருமுனையில் அது வலது பக்கம் சிப்காட்டுக்கும் திரும்பவில்லை, இடது பக்கம் பஸ் ஸ்டாண்டுக்கும் திரும்பவில்லை. நேராக அத்திப்பள்ளி ரோட்டைப் பார்க்கப் போனது. அந்தப் பக்கம் அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தமிழ்செல்வி குழந்தையோடு கீழே போய் வாசற்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். மாடியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். வீரலட்சுமி கயிற்றை விட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தம்பிக்காக அழுவதா, தம்பி சொன்ன பொய்க்காக அழுவதா, புருஷனைக் கேட்ட கேள்விக்காக அழுவதா என்று தெரியாமல் மூன்றுக்கும் சேர்த்தே அழுதாள். நல்லுசாமி கிட்டே போகவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். பதினாறு படி ஏறிய மூச்சு இன்னும் சீராகவில்லை. அறைக்குள் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"படத்துல இருந்தது அவன் நெஞ்சு."

"ஆமா."

"அப்ப உங்க நெஞ்சு எப்படி இருக்கு?"



"தெரியல லட்சுமி," என்றார். "யாருக்குமே தெரியாது."